ஒட்டாத உறை

ஆகஸ்ட் 4, திங்கள்

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நானும் இல்லை, பதில் சொல்லும் நிலையில் நீயும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்ததும் என்னைக் கண்டும் காணாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்காவுக்குக் கடிதம் எழுதும் தங்கை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் கத்துவேன். நீ அந்த டீச்சர் குரலில், "முதல்ல மூச்சு விடு, அப்புறம் பேசு" என்பாய். எனக்கு இன்னும் ஏறும்.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி, "பள்ளிக்கூடத்தைப் பத்தி மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தேன். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே காவல் நிற்கிறது என்றேன். பொய்யா? இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில், அந்தப் பக்கம் கூட்டல், இந்தப் பக்கம் பாடம், நடுவில் தலைமையாசிரியையான நீ ஒருத்தி என்றேன். பொய்யா? என் மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் ஒரு வரி சேர்ந்தாற்போல வாசிக்க மாட்டேன் என்கிறாள் என்றேன். அதுதான் உனக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது.

வீட்டில் சொல்லவில்லையா நான்? எத்தனை தடவை சொன்னேன்! "போகப் போகச் சரியாயிடும்" என்று காபியை ஆற்றிக் கையில் கொடுத்தாய். அதனால்தான் சபையில் சொன்னேன்.

இதைப் பொடிசின் பையில் வைத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. கொண்டு வருகிற என் மகளுக்குத்தான் படிக்க வராதே. உன் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு (அன்பு என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது),

கடிதம் கிடைத்தது. என் உறையை நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பொடிசுக்குப் படிக்க வரும் என்று நினைக்கிறவள் நான்.

நீ பேசி உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டாய். சொந்தத் தங்கையே இப்படிச் சொல்கிறாளே, அப்படியென்றால் உள்ளே எவ்வளவு மோசமாக இருக்கும் என்று தையல்காரர் மறுநாளே வந்து பிள்ளைகளுக்கு டி.சி. கேட்டார். பின்னாலேயே பேக்கரிக்காரர் மனைவி. இப்படியே நாலு பேர் கிளம்பினால் பள்ளியை மூடி, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். லாரி லாரியாகப் போகிற அந்தச் சாலையை எந்தப் பிள்ளை கடக்கும்? பிரைவேட்டுக்குக் கட்ட வழியில்லாதவன் வீட்டுப் பிள்ளை கடக்கும். அதை நினைத்தாயா நீ?

தாழ்ப்பாளுக்கு எழுதினேன். இன்னொரு டீச்சர் வேண்டும் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. நீ மருத்துவமனைக் கவுன்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க டோக்கன் எண்ணைக் கத்துகிறாய். டாக்டர் வரவில்லை என்றால் ஜனங்கள் யாரைத் திட்டுகிறார்கள்? டாக்டரையா? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற உன்னைத்தானே? வீட்டுக்கு வந்து என் தோளில் சாய்ந்து எத்தனை நாள் அழுதிருக்கிறாய்! அதே காரியத்தை எனக்கு எப்படிச் செய்ய மனசு வந்தது?

அக்கா

*

ஆகஸ்ட் 7, வியாழன்

அக்காவுக்கு,

டாக்டர் வரவில்லை என்றால் வரவில்லை என்றுதான் நான் சொல்வேன். "போகப் போகச் சரியாயிடும்" என்று நோயாளியிடம் சொல்ல மாட்டேன். உனக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்.

தையல்காரருக்காக உருகுகிறாய். பேக்கரிக்காரருக்காக உருகுகிறாய். ஊர்ப் பிள்ளைகள் சாலை கடப்பதை நினைத்து உனக்குத் தூக்கம் போகிறது. உன் கண்முன்னே உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளையைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி உண்டா?

நேற்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். பொடிசின் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "டீச்சர் எல்லாரையும் எழுப்பி வாசிக்கச் சொல்வாங்க ஆன்ட்டி. இவளை மட்டும் கேக்கவே மாட்டாங்க." போன வருஷமும் இதே கதைதானாம். யாரோ ஒரு டீச்சர் இதைச் செய்திருந்தால் அந்த அறையிலேயே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். செய்தவள் நீ!

வீட்டில் நான் புத்தகத்தை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்கிறாள். விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு விரலையே பார்க்கிறாள். கெஞ்சியாகிவிட்டது, மிரட்டியாகிவிட்டது. எழுதச் சொன்னால் மட்டும் முத்து முத்தாக எழுதுகிறாள். பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்து எழுதுவது எனக்குத் தெரியாதா?

மஞ்சள் வேன் வருகிற அந்தப் பிரைவேட் பள்ளியில் விசாரித்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் சம்மதம். பஸ்ஸில் கூடுதல் ஷிப்ட் ஓட்டுகிறேன் என்கிறார். உன்னைப் போல மழுப்பாமல் ஒரே ஒரு பதில் சொல். ஏன் அவளை நீ கேட்பதில்லை?

தங்கை

*

ஆகஸ்ட் 8, வெள்ளி

தங்கைக்கு,

மழுப்பாமல் சொல்கிறேன். கேட்டுக்கொள்.

பொடிசு முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில் அவளை எழுப்பிப் பாட்டுச் சொல்லச் சொன்னேன். அழகாகச் சொன்னாள், கைதட்டச் சொன்னேன். அன்று சாயங்காலமே வாசலில் ஒரு தாய், "வீட்டுப் பிள்ளைன்னா கைதட்டுதான், எங்க பிள்ளைங்க என்ன தவிட்டுக்கு வாங்கினதா?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள். அன்றோடு விட்டேன். பரிசுக்கு அவள் பெயரை எழுதவில்லை. பிரார்த்தனையில் அவளை நிறுத்தவில்லை. கேள்வி கேட்கவில்லை. பாரபட்சம் என்று ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது மட்டும் மனசுக்குள் சந்தோஷப்படுவேன். பார்த்து எழுதுகிற பிள்ளையின் தாள் அப்படி இருக்காது. இத்தனை வருஷம் தாள் திருத்துகிறவளுக்கு அது தெரியாதா?

இப்போது நீ சொல். நீ பக்கத்தில் உட்காருகிறாய் என்கிறாய். எப்படி உட்காருகிறாய்? டோக்கன் கூப்பிடுகிற குரலில்தானே! "ம், அடுத்து! ம், அடுத்து!" என்று நீ போடுகிற சத்தத்தில் எனக்கே எழுத்து மறந்துபோகும். பிள்ளைக்கு வாசிக்க வராமல் இல்லை. உன் முன்னால் வரவில்லை. பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல எழுந்த வாயால் ஒருநாளாவது அவளை மெதுவாகக் கேட்டிருக்கிறாயா?

மஞ்சள் வேனில் ஏற்று, தாராளமாக ஏற்று. அங்கே டை கட்டிவிடுவார்கள், ஷூ போட்டுவிடுவார்கள். உன் குரலை யார் மாற்றுவார்கள்?

அக்கா

*

ஆகஸ்ட் 11, திங்கள்

தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் விளக்கத்துக்கு நன்றி.

தங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளை வேறு பள்ளியில் சேர்க்க முடிவு செய்திருக்கிறோம். அவள் படிப்பில் மந்தமான பிள்ளை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவளால் தங்களுக்கு இனி எந்தச் சங்கடமும், யாரிடமும் எந்தப் பேச்சும் வேண்டாம். மாற்றுச் சான்றிதழை அவளிடமே கொடுத்து அனுப்பினால் போதும்.

இனித் தங்களுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. தாங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. நாங்களும் வர மாட்டோம். தங்கள் நலத்தை எப்போதும் விரும்பும்,

மாணவியின் தாய்

*

ஆகஸ்ட் 18, திங்கள்

தங்கைக்கு,

என்ன, பேச்சைக் காணோம்? குரலைப் பற்றி எழுதியது அதிகமோ என்று நினைத்தேன். அதிகம்தான். ஆனால் நீ பதிலுக்கு நாலு பக்கம் கொட்டித் தீர்ப்பாய் என்று காத்திருந்தேன். கொட்டாமல் இருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தினமும் காலையில் பொடிசிடம் கேட்கிறேன். "அம்மா ஏதாவது குடுத்தாளா?" இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். பையை மடியில் வைத்துக் கட்டிக்கொள்கிறாள். இன்டர்வெல்லுக்குக்கூடப் பையோடுதான் போகிறாள். பென்சில் எதையாவது தொலைத்துவிட்டு உனக்குப் பயந்து மறைக்கிறாளோ என்னவோ, போட்டு மிரட்டிவிடாதே.

நீ கேட்டது என்னை விடவில்லை. வியாழக்கிழமை அவளை எழுப்பிவிடுவது என்றுதான் வகுப்புக்குள் போனேன். பாடத்தை விரித்தேன். அவளைப் பார்த்தேன். வராந்தாவில் யாரோ தாய்மார் நிற்கிற மாதிரி இருந்தது. வாய் தானாகப் பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுவிட்டது. பொடிசு எழுந்திருக்கத் தயாராகப் பாதி எழுந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போது எனக்கு என் மேலேயே வந்த கோபத்தை என்ன சொல்ல! பாரபட்சம் பார்க்காத டீச்சராம் நான்.

திட்டவாவது எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அக்கா,

உனக்கு நான் எழுதினேன். போன திங்கட்கிழமையே எழுதினேன். டி.சி. கேட்டு, இனி உறவே வேண்டாம் என்று, தாங்கள் தங்கள் என்று மரியாதையாக எழுதினேன். நீ டி.சி.யும் அனுப்பாமல், ஒரு வரி பதிலும் எழுதாமல் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். நேற்று நீ அனுப்பியதைப் படித்ததும்தான் அது உன் கைக்கு வரவே இல்லை என்று தெரிந்தது.

பொடிசின் பையைக் கவிழ்த்தேன். அடியில் போட்டிருக்கிற அட்டைக்குக் கீழே இருந்தது. ஒரு மடிப்புக் கலையவில்லை.

"ஏன்டி பெரியம்மாகிட்ட குடுக்கல?"

"அதை மட்டும் குடுக்க வேணாம்னு நினைச்சேன்மா."

"மத்ததையெல்லாம் குடுத்தியே?"

"மத்ததுல நீ திட்டியிருந்தே. திட்டினா பெரியம்மாவும் திட்டுவாங்க, சரியாப் போயிடும். இதுல நீ திட்டவே இல்ல. குடுத்தா அவங்க அழுவாங்க."

"உனக்கு எப்படிடீ தெரியும்?" என்றேன். "படிச்சேன்" என்றாள். நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

நம்பவில்லை, அக்கா. கடிதத்தை அவள் கையில் கொடுத்து, "படி பார்க்கலாம்" என்றேன். வழக்கம் போல வாய் பூட்டிக்கொண்டது. உன் கடிதம் ஞாபகம் வந்தது. எழுந்து போய்ச் சமையலறையில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். இரண்டு தட்டு கழுவி வைத்தேன். அப்புறம் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "தலைமையாசிரியை அவர்களுக்கு, வணக்கம்." முழுக்க வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, "தங்கள்" எல்லாவற்றையும் தங்கள் என்றே வாசித்தாள். ஓர் இடத்தில் மட்டும் நின்றாள்.

"மந்தமான பிள்ளைன்னு எழுதியிருக்கே. மந்தம்னா என்னம்மா?"

நான் குழாயை மூடவில்லை. திரும்பவும் இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அப்புறம் கேட்டேன், இவ்வளவு நல்லா வருதே, ஏன் என்னிடம் வாசிக்கவில்லை என்று. "நீ பக்கத்துல நின்னா எழுத்தெல்லாம் ஓடிப்போயிடுதும்மா" என்றாள். அது எனக்கு. உனக்கும் ஒன்று இருக்கிறது, வாங்கிக்கொள். "பெரியம்மா எல்லாரையும் கேப்பாங்க, என்னைக் கேக்க மாட்டாங்க. எனக்கு வராதுன்னு அவங்களுக்குத் தெரியும்போல" என்றாள். பாரபட்சம் பார்க்காமல் நீ கற்றுக் கொடுத்தது இதைத்தான். அடித்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு பிள்ளை மனசில் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. உன்னைச் சொல்கிறேனே, நான் ஒட்டாத உறையில் போட்டு அனுப்பியதை எல்லாம் அவள் வழியிலேயே படித்திருக்கிறாள். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

டி.சி. வேண்டாம். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை, இன்னொரு டீச்சரும் வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் எழுந்து நிற்பேன். தையல்காரரையும் பேக்கரிக்காரர் மனைவியையும் நானே போய்ப் பார்க்கிறேன். ஓடிப்போவதற்குப் பதில் என்னோடு சேர்ந்து சத்தம் போடுங்கள் என்கிறேன். இந்தக் குரலுக்கு அந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

நாளைக் காலையில், யார் வராந்தாவில் நின்றாலும் நிற்கட்டும், முதல் ஆளாக அவளை எழுப்பு. கைதட்ட வேண்டாம். வாசித்து முடித்ததும் மற்றப் பிள்ளைகளிடம் சொல்வது போல "உட்கார்" என்று மட்டும் சொல். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா. மிச்சத்தை நேரில் திட்டிக்கொள்ளலாம்.

இந்த உறையையும் ஒட்டவில்லை. இந்த முறை தெரிந்தேதான் ஒட்டவில்லை.

உன் தங்கச்சி

பொடிசே, வழியில் இதைப் பிரித்து இதுவரைக்கும் படித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாய் இல்லையா? அது உன்னுடைய வார்த்தை இல்லை. அம்மா கோபத்தில் தப்பாக எழுதிவிட்டேன். இப்போது இதை மடித்துப் பெரியம்மாவிடம் கொடு.