உடனே வந்த பதில்கள்

அம்மான் நகரம், மார்ச் 3

அன்புள்ள ஹைதம்,

ரியாத்தில் நலமா? நிக்காஹ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு வருடமாகிறது. கல்யாண விருந்து இன்னும் நடக்காததால் நீ கம்பெனி அறையில், நான் அப்பா வீட்டில். இப்படியும் ஒரு புருஷன் பெண்டாட்டி!

எந்த மருந்துக்கடையில் எந்த மருந்து இருக்கிறது என்று சொல்லும் எங்கள் செயலி திணறுகிறது. ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு விதமாக விவரம் தருகிறார். பழைய தரவுத்தளத்தின் கட்டம்போட்ட அட்டவணைக்குள் அது அடங்கவில்லை. கட்டமில்லாத வகைகளில் எதை எடுக்கட்டும்?

அம்மா மண்டபம் பார்க்க வேண்டுமாம். எப்போது வருகிறாய்?

உன் லமீஸ்


ரியாத், மார்ச் 3

அன்பு லமீஸ்,

உன் மின்னஞ்சலைப் பார்த்ததும் எழுதுகிறேன். சாவியைக் கொடுத்தால் பொருளைத் தரும் வகை மின்னல் வேகம். ஆனால் 'இர்பித் நகரில் எந்தக் கடையில் இன்சுலின் இருக்கிறது' என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். உறவுகளை வலையாகப் பின்னும் வகை, யாருக்கு யார் என்ன முறை என்று தேடத்தான் லாயக்கு. நீ ஆவண வகையை எடு. கடைக்கு ஒரு கோப்பு. அவரவர் இஷ்டப்படி எழுதிக்கொள்ளட்டும்.

தரவுத்தளத்துக்கு அம்மானில் ஒரு பிரதி, இர்பிதில் ஒரு பிரதி வை. நடுவே இணைப்பு அறுந்தாலும் இரண்டும் பதில் சொல்லட்டும். தகவல் கொஞ்சம் பழையதானால் என்ன? கேட்டவர் காத்திருக்கக் கூடாது. பிறகு இரண்டும் தானே ஒத்துப்போய்விடும்.

கோடை முடிந்ததும் கல்யாணம். உன் அம்மாவிடம் சொல்லிவிடு.

ஹைதம்


அம்மான், மே 20

ஹைதம்,

நேற்று இர்பித் இணைப்பு அறுந்தது. அங்கே காலையிலேயே தீர்ந்துபோன இன்சுலினை, அம்மான் பிரதி 'இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அபூ நிமர் என்ற பெரியவர் அதை நம்பி ஜரஷ் ஊரிலிருந்து இர்பித் வரை மனைவிக்காக அலைந்திருக்கிறார். போனில் பிடித்துக்கொண்டார்: "ஏம்மா, இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? தெரியலைன்னாவது சொல்லலாம்ல? இருக்கு இருக்குன்னு சொல்லி என்னை ஊர் ஊரா ஓட விடுறீங்களே!" வேறு கடையில் எப்படியோ கிடைத்துவிட்டது.

அதே சாயங்காலம் குனாஃபா இனிப்புக் கடையில் நம் அம்மாக்கள் சந்தித்துக்கொண்டார்கள்.

"மண்டபம் பிடிச்சாச்சு சம்மந்தி!"

"என்ன மண்டபம்? ரெண்டு வருஷம் போகட்டும்னுதானே எம்புள்ள சொல்றான்?"

என் அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். உன் அம்மாவிடம் ஒன்று, என் அம்மாவிடம் ஒன்று. இதில் எது உண்மை?

லமீஸ்


ரியாத், மே 20

அன்பு லமீஸ்,

கோபித்துக்கொள்ளாதே. யார் மனமும் நோகக் கூடாதென்று அப்படிச் சொன்னேன். எல்லாம் சரியாகிவிடும்.

அகபா நகரில் மூன்றாவது பிரதி வை. எழுதினாலும் படித்தாலும் மூன்றில் இரண்டு தலையாட்டிய பிறகே பதில் போகட்டும். வேகம் குறையும், சில நேரம் பதிலே வராது. அதுதான் அதற்கான விலை.

ஹைதம்


அம்மான், ஜூன் 11

ஹைதம்,

அப்படியே செய்துவிட்டேன். இப்போதெல்லாம் இணைப்பு அறுந்த பக்கத்தில் 'இப்போது சொல்ல முடியவில்லை' என்று வருகிறது. ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் யாரும் வீணாக அலையவில்லை.

எனக்குத் தனிமை தாங்கவில்லை. எதிர்வீட்டு உம்மு ரஜாயி பார்க்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை எப்பம்மா வர்றாரு?" என்கிறாள். அவளுக்குப் பயந்து பின்வாசல் வழியாக ஆபீஸ் போகிறேன். கல்யாணமான பெண் என்று தோழிகள் கூப்பிடுவதில்லை. ஆகாத பெண் என்று அக்காமார் கூட்டத்தில் சேர்ப்பதில்லை.

நீ எப்போதும் உடனே பதில் போடுகிறாய். கேட்க இதமாகவும் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் உடனே எழுதாதே. உன் மனம் உனக்கே தெரிந்த பிறகு எழுது. எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன்.

லமீஸ்


ரியாத், ஆகஸ்ட் 29

லமீஸ்,

நான் வரப்போவதில்லை. வேறு பெண் யாரும் இல்லை. ஊருக்குத் திரும்பிக் குடும்பம் நடத்தும் ஆசை என்னிடம் இல்லை. அதைச் சொல்லும் தைரியமும் இதுவரை இல்லை. ஒப்பந்தத்தை முறிக்க என் அண்ணனுக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பியிருக்கிறேன். உன்மேல் எந்தக் குறையும் கிடையாது.

இன்று காலை உன் அம்மாவிடமும் என் அம்மாவிடமும் இதே வார்த்தைகளில் சொல்லிவிட்டேன்.

ஹைதம்


அம்மான், ஆகஸ்ட் 30

ஹைதம்,

நீ எழுதியதில் நான் சந்தேகப்படாமல் படித்த முதல் கடிதம் இது. படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். இன்று ஆபீசுக்கு முன்வாசல் வழியாகவே போனேன். உம்மு ரஜாயி கேட்டாள், சொல்லிவிட்டேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

லமீஸ்