கருகல் கேக்கின் சொந்தக்காரி

மச்சி,

உன் கேக் தட்டின் ஓரத்தில் இன்றைக்கு ஒரு கறுப்புப் பொட்டு விழுந்துவிட்டது. சுட்ட தகர மணம் இன்னும் குசினியை விட்டுப் போகவில்லை. கோபமா? இருந்தாலும் எழும்பி வந்து ஏசவா போகிறாய்? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எழுதுகிறேன், பிழை கண்டால் சிரித்துவிட்டு மேலே வாசி.

கடல் ஊருக்குள் வருவதற்கு முந்தின கிழமைதான் அந்தத் தட்டை உன்னிடம் இரவல் வாங்கிக்கொண்டு கல்முனையில் பஸ் ஏறினேன். "என்ட தட்டை விழுங்கிட்டாளா அவள்?" என்று சம்மாந்துறையில் என் வீட்டுக்கு ஆள் விட்டுக் கேட்டாய். விழுங்கியதால்தான் மிஞ்சியது. உன் வீடு, உன் பீங்கான் கோப்பைகள், உன் கல்யாணப் படம், நீ, எல்லாவற்றையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது. விடியவே மகளையும் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போன உன் புருஷன் தப்பினார். மகளுக்கு அப்போது மூன்று வயது.

அடுத்த வருஷம், கல்யாணம் ஆகாமல் குமராகவே நின்ற எனக்கு அவரை நிக்காஹ் செய்துவைத்தார்கள். நம் வழக்கப்படி அவர்தான் என் வீட்டுக்கு வந்தார், தோளில் மகளோடு. அவளுக்கு நீ உம்மா, நான் சாச்சி. உன் தட்டு அவர்களுக்கு முன்னமே வந்து அடுப்படியில் குந்தியிருந்தது. நான் கடைசியாகத்தான் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தேன் என்று சொல்லலாம்.

உன்மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான், தெரியாதது மாதிரி நடிக்காதே. சட்டியின் மூடிக்கு மேலே தேங்காய்ச் சிரட்டைத் தணலைப் பரப்பி நீ ரவைக் கேக் சுட்டால், பொன் நிறத்தில் வழுக்கிக்கொண்டு தட்டை விட்டு வரும். "மேலுக்கு நிறையப் போடு, கீழுக்குக் கொஞ்சமாப் போடுகா" என்பாய். நான் எதைச் செய்தாலும் அடி கருகும். "கருகல்காரி" என்று பெயரே வைத்தாய். இவரும் பெருநாள் வந்தால் என் கேக்கின் அடியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே, "அவ சுட்டா சுரண்டத் தேவையில்ல" என்பார். மௌத்தானவளோடு போட்டி போடுவது லேசா? உனக்கு வயது ஏறாது, இடுப்பு பெருக்காது, இனிமேல் கேக்கும் கருகாது.

இடையில் கட்டாருக்கு உழைக்கப் போன இவர், நாட்டில் சண்டை முடிந்த கையோடு திரும்பினார். அங்கே ஹோட்டல் குசினியில் வேலை. ஒரு மைக்ரோவேவ் கொண்டுவந்தார். நெருப்பே இல்லாத அடுப்பு என்றார். எனக்கு வாயெல்லாம் பல்லு. நெருப்பில்லை என்றால் கருகலும் இல்லையே, இந்தப் பெருநாளைக்கு உன்னை வென்றேன் என்று நினைத்தேன். வெல்லுவது உன் தட்டிலேயே இருக்கட்டும் என்று, மாவை அதில் ஊற்றி உள்ளே தள்ளினேன்.

பட்பட்டென்று உள்ளே நீல மின்னல். நான் போட்ட கூச்சலில் இவர் ஓடி வந்து வயரைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு முதலில் எதைப் பார்த்தார் தெரியுமா? உன் தட்டை. சாரத்து நுனியால் ஓரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கண்ணில் படவில்லை.

"நானும் உயிரோடதான் நிக்கன்," என்றேன்.

"தகரத்தை வைக்கலாமா இதுக்குள்ள?"

"ஏன், தணலில வைக்கல்லயா?"

"தணலில தகரம் சூட்டை வாங்கி மாவுக்குக் குடுக்கும். இதுக்குள்ள சூடு இல்ல, கண்ணுக்குத் தெரியாத அலை." அந்தச் சொல் வந்ததும் கொஞ்சம் நின்றார். எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. "அது கண்ணாடிக்குள்ளால, பீங்கானுக்குள்ளால போய் மாவில உள்ள ஈரத்தைச் சூடாக்கும். தகரத்துக்குள்ளால போகாது, பட்டுத் திரும்பும். இந்த மாதிரி மெல்லிய நெளிஞ்ச ஓரம் எண்டா மின்சாரம் அங்க கூடி நெருப்பாப் பாயும்."

"பெட்டிக்கு உள்பக்கமும் தகரம்தானே? அது மட்டும் பாயாதோ?"

"அது வழவழப்பான சுவர். அலையை வெளிய விடாமத் திருப்பி உள்ளுக்கே அனுப்புறதுதான் அதுக்கு வேலை."

கண்ணாடிக் கோப்பையில் மாற்றி வைத்தேன். தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிற நேரத்துக்குள் பொங்கி வந்தது. கருகல் இல்லை. ஆனால் சிவப்பும் இல்லை. சூடான தட்டு தொட்டால்தானே அடி சிவக்கும்? நோயாளி மாதிரி வெளுத்துப்போய் இருந்தது.

மகள் ஒரு துண்டை மென்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு சாச்சி. ஆனா உம்மா சுட்ட கேக் மாதிரி இல்ல."

வந்தது பார் எனக்கு எரிச்சல். "உம்மா சுட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கா மகள்?"

"ஓம். அடியில கறுப்பா, கொஞ்சம் கைப்பா இருக்கும். நான் மடியில இருந்து அதை மட்டும் கிள்ளிக் கிள்ளித் தின்பன். உம்மா சிரிப்பாங்க."

மச்சி, நீ எந்தக் காலத்தில் அடி கருகச் சுட்டாய்? கடல் வந்து அடுத்த மாதம் ஹஜ்ஜுப் பெருநாள். இவரோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த, சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பிள்ளைக்காக உன் தட்டில் நான் சுட்ட கேக் அது. என் மடியில் இருந்துதான் கருகலைக் கிள்ளினாள். சிரித்ததும் நான்தான்.

"அது நான்" என்று சொல்ல வாய் திறந்தேன். இவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவரும் பக்கத்தில் இருந்தவர்தான். பிள்ளையிடம் உன் படம் ஒன்றுகூட இல்லை. உன் முகமும் தெரியாது. அவளிடம் உள்ள உம்மா அந்தக் கருகல் மட்டும்தான். அதையும் பறித்துவிட்டு நான் எங்கே வைப்பேன்?

"ஓம் மகள், உங்கட உம்மாட கேக் அப்படித்தான்," என்றேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு வெளுத்த கேக்கில் இரண்டாம் துண்டை எடுத்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

உனக்கு நன்றாக வேண்டும் மச்சி. ஒருநாளும் கருக விடாத நீ, உன் மகளுக்கு இனி எந்நாளும் கருகல்காரி. நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள். சிரட்டையைப் பற்றவைத்து, கீழுக்குத்தான் நிறையத் தணல் போட்டிருக்கிறேன். காலையில் அவள் கிள்ளித் தின்றுகொண்டு உன்னைப் புகழுவாள். எனக்கு வயிறு பற்றி எரியும். எரியட்டும், நான் வாய் திறக்க மாட்டேன்.