கைபேசி எழுதிய ஏழாம் அத்தியாயம்

சயந்தினியின் அம்மாவுக்கு,

நோபல் பார்க் வீட்டுக் குசினியில் அடுப்புக்கும் மேசைக்கும் இடையில் நான் நடந்துகொண்டே நாவல் சொல்லச் சொல்ல, நீர் பதினாறு வருடம் தட்டச்சு செய்தீர். வசனம் பொய்யாக வந்தால் உமது விரல்கள் நின்றுவிடும். "இப்பிடி ஆரப்பா கதைக்கிறது? மேடையிலயோ நிக்கிறீங்கள்?" என்று சிரிப்பீர். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீர் ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு மகளிடம் போனபின் கைபேசிக்குத்தான் சொல்கிறேன். சொன்னதையெல்லாம் அது எழுதுகிறது. நீர் என்னை விட்டுப்போனதைச் சொல்லும் ஏழாம் அத்தியாயத்தில் முழுப் பிழையையும் உமது தலையில் போட்டேன், அதையும் எழுதியது.

அதை அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

நடந்ததை நீர் வந்து சொல்லும். இந்தமுறை நான் தட்டச்சு செய்கிறேன். எனக்குக் கோபம் வந்தாலும் நிறுத்தமாட்டேன்.

கோபம் ஆறாத,
உமது கணவன்