புளி போட்டு மினுக்கின பெட்டி

மகளுக்கு,

நீ திருத்தவெண்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய பிரெஞ்சுப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுறன். ஜப்பான் கறுப்பு அரக்கு, சுத்திவரப் பொன் பூசின வெண்கலப் பூக்கள்.

வெள்ளிக்கிழமை, குத்துவிளக்கோட சேர்த்து அந்தப் பூக்களையும் புளி போட்டு மினுக்கினது நான்தான். பொன் போயிட்டுது. புளித்தண்ணி பட்ட அரக்கும் வெளிறிப்போச்சு.

நீ, உன்னோட வேலைசெய்த லெட்சுமணன்தான் பிழையான மருந்து போட்டுத் துடைச்சானெண்டு பழியைப் போட்டு, ரெண்டுபேரும் நடத்தின பட்டறையையே பிரிச்சாய். நான் உனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்தன்.

நேற்று ஒடாஹுஹு சந்தையில அவன் என்ர மரக்கறிப் பையைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், அவங்க இன்னும் கோவமா இருக்காங்களா?" எண்டு கேட்டான்.

இதை அவனுக்கு வாசிச்சுக் காட்டி, அவன்ர கையிலயே குடுத்தனுப்புறன். அவனை உள்ள கூப்பிடு, பிள்ளை. எனக்கு வர முகமில்லை, வெளியில காருக்குள்ள இருக்கிறன்.

உன்ர அப்பா