சோற்றுப் பானையில் கட்டிய கூறை

மேனுகாட அப்பாக்கு,

மழையில விறகெல்லாம் நனஞ்சு போச்சு. மிஞ்சின நாலு காஞ்ச தேங்காப் பொச்சுமட்டையிலதான் அரிசிய ஒரு கொதி விட்டு இறக்கி, சூடு போகாமப் பானையச் சுத்திக் கட்டி வச்சிருக்கன். பத்து மணி வரைக்கும் அவிழ்க்காதீங்க, அந்தச் சூட்டிலயே வெந்திரும்.

கூரை ஒழுகி வீட்டில காஞ்ச துணி ஒண்டும் இல்ல. பெட்டிக்குள்ள கிடந்த என்ட கலியாணக் கூறைச் சீலையாலதான் கட்டினன்.

பிள்ளைக்கு இந்தக் குளிருக்குள்ள இருமல் நிக்குதில்ல. தேற்றாத்தீவுக்கு, அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறன்.

"உன்ட கூறையையும் தூக்கிட்டுப் போ" எண்டு நேத்துக் கத்தினீங்க. போறன். கூறை உங்கட சோத்தோட இருக்கட்டும்.

மங்கை

நேத்தைய புளியாணத்தச் சூடாக்க விறகில்ல. சுடுசோத்தில ஊத்திச் சாப்பிடுங்க.

கூறையில கரி பிடிச்சாக் கழுவ வேணாம். இனி நான் அதக் கட்டமாட்டன்.