கதவுக்கு வெளியே இரண்டு நிமிடம்

ஜூன் 3, செவ்வாய்

கட்டைவிரல் இரண்டும் வலிக்கிறது. மிசஸ் போப்போவிச் இன்றும் ஆரம்பித்துவிட்டார். "லேசா தடவிட்டு வெளிய ஓடிடுற நெரிடா. நான் என்ன அடுப்புல வெச்ச கேக்கா?"

போவன் வைத்தியம் அப்படித்தான். தசை மேல் விரலை மெல்ல உருட்டிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள இரண்டு நிமிடம். பிறகு வந்து அடுத்த இடம். ஜீலாங் ஊரில் பாதிப் பேருக்காவது இதைச் சொல்லியிருப்பேன். அந்த இரண்டு நிமிடம் எனக்கும் வேண்டும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

ஜூன் 5

என் கணவன் மெர்வின் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடை வாடகை கட்டுப்படியாகாமல் வைத்திய மேசையைக் கேலம் அறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இப்படி. "என் பையன் ரூம்ல கண்டவங்களையும் படுக்க வெக்கிற" என்றான். அதோடு சரி.

கேலம் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கடற்கரைச் சாலை, மழை, மோட்டார் சைக்கிள். மெர்வின் அழவே இல்லை. அந்த அறைக்குள் காலும் வைக்கவில்லை. அவனுக்கு மட்டும்தான் பையனா? நான் அழுவதெல்லாம் குளிக்கும்போது, அவசர அவசரமாக. ஊரார் வலியெல்லாம் என் கைக்கு வருகிறது. என் தோளைத் தொட ஒரு ஆள் இல்லை.

ஜூன் 11

மழை. யாரும் வரவில்லை. நல்லது.

ஜூன் 14, சனி

துறைமுகத்தில் கப்பல் கயிற்றை இழுத்தபோது மெர்வினுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தவன் சமையலறைத் தரையில் முட்டி போட்டபடி எழ முடியாமல் கிடந்தான்.

"இங்கயே ஏதாவது பண்ணு."

"தரையில குனிஞ்சா அப்புறம் என்னை யாரு தூக்குறது? மேசை அந்த ரூம்லதான் இருக்கு. வர்றதுன்னா வா."

கடுமையாகத்தான் சொன்னேன். வெகு நேரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். எதையும் பார்க்காமல் குப்புறப் படுத்தான். இடுப்பின் இரு பக்கமும் உருட்டினேன். கல்லாக இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

உள்ளே சத்தம். வலியில் முனகுகிறான் என்று கைப்பிடியைத் தொட்டேன். இல்லை, அழுகிறான். என் மெர்வின் — வாயை மேசையில் அழுத்திக்கொண்டது போல் அமுங்கிய குரலில், கேலம் பேரைச் சொல்லி.

உள்ள போகவா? போகத்தானே வேணும்? நான் போனா நிறுத்திடுவானே...

போகவில்லை. இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. சத்தம் அடங்கியதும் இருமிவிட்டு உள்ளே போனேன். அடுத்த இடத்தை உருட்டினேன்.

ஜூன் 15

நிமிர்ந்து நடக்கிறான். எனக்கும் சேர்த்து ரொட்டி வாட்டி, உப்புக் கரிக்கும் வெஜிமைட் தடவி வைத்திருந்தான். அளவுக்கு மேல் தடவியிருந்தான். தின்றேன்.

ஜூன் 21

அவனே வந்து படுத்தான்.

"இன்னும் வலிக்குதா?"

"இல்ல. சும்மாதான்."

முடிந்து எழுந்தபோது சொன்னான்: "அன்னைக்கு நீ வெளியவே நின்னுட்டிருந்த. கதவுக்கு அடியில உன் கம்பளிச் செருப்பு தெரிஞ்சுது."

"உள்ள வந்திருக்கணுமா?"

"வேணாம். நீ அங்க நின்னதே போதும்."

ஜூலை 2

கடைசி ஆள் போனதும் விரிப்பை மாற்றக்கூடத் தெம்பில்லை. மேசை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மெர்வின் எட்டிப் பார்த்தான்.

"படு."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒரு மண்ணும் தெரியாது. படு நீ."

காய்ப்பு விழுந்த கட்டைவிரலால் தோளை அழுத்தினான். தப்பான இடம். அழுத்தமும் அதிகம். சொல்லவில்லை. பிறகு, நான் செய்வது போலவே, வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

கேலம் ஒட்டிய படகுப் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. கதவுக்கு அடியில் மெர்வினின் செருப்பு இரண்டும் அசையாமல் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல் அழுதேன்.