தாய்மாமன் வரிசையில் ஒரு பெயர்

என் பிரபு அண்ணாவுக்கு,

உன் போன் நம்பரை நான் நிறுத்தவில்லை. புக்கிங் எல்லாம் அதில்தான் வருகிறது. எடுத்து "சொல்லுங்க" என்றால் எதிர்முனையில் கேட்பார்கள்: "ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?" டிஜே செட்டு வேண்டுமா, ஆம்பளை வேண்டுமா என்று வாய்வரை வரும். நீயாக இருந்தால் சிரித்துப் பேசியே அந்தத் தேதியை வாங்கியிருப்பாய். எனக்கு அந்தச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கல்யாண ரிசப்ஷனில் செட்டு போட்டுவிட்டு, தூங்காமல் கம்பெனி ஷிப்ட்டுக்குப் போன வழியில் லாரி உன்னை அடித்தது. ஒரு வேலையில் குடும்பம் ஓடியிருந்தால் உனக்கு இரண்டாவது வேலை எதற்கு? ஆசைக்குப் பாட்டுப் போடுகிறான் என்றார்கள். ஆசையும் இருந்தது. ஆனால் என் காலேஜ் பீஸ் கட்டியது ஆசை இல்லையே.

செட்டை விற்றுவிடலாம் என்றாள் அம்மா. "பொட்டப் புள்ள நாலு பேரு நடுவுல போயி நின்னு, ஒரு சொல்லு வந்துச்சுன்னா இன்னா பண்ணுவ?" நான் பேரம் பேசினேன். ஒரே ஒரு ப்ரோக்ராம் எடுக்கிறேன். சரியாக வரவில்லை என்றால் விற்றுக்கொள். பாக்ஸ் ஏற்றி இறக்க உன் கூட்டாளி சேகர் வருகிறேன் என்றான். மருந்து கம்பெனியில் எனக்கு ஞாயிறு லீவு. அவ்வளவுதான் என் மூலதனம்.

முதல் போன் யாரிடமிருந்து வந்தது தெரியுமா? மூன்று வருடத்துக்கு முன்னால் நீ அடி வாங்கினாயே, அந்த வீட்டு அம்மாவிடமிருந்து. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் தொல்லை அவருக்குத்தான்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மஞ்சள் நீராட்டில் தாய்மாமன்கள் சீர்த்தட்டோடு வரும்போது, மூத்தவரிலிருந்து ஒவ்வொரு பெயராக மைக்கில் சொல்வது டிஜேவின் வேலை. பாட்டு நின்றுபோனால் மன்னிப்பார்கள், ஒரு பெயர் விட்டுப்போனால் மன்னிக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த அம்மாவின் மூத்த பெண்ணுக்கு நீராட்டு. கடைசி மாமன் அவருடைய தம்பி ஏழுமலை. அவர் செய்த ஒரே குற்றம், நம்மைப் போலக் காலனியில் பிறந்த பெண்ணைக் கட்டியது. நீராட்டுப் பெண்ணின் பெரியப்பா உன் காதோரம் வந்து "அந்தப் பேரு வாணாம்" என்றார். நீயும் விட்டுவிட்டாய். ஏழுமலை தட்டோடு நின்று ஏன் என்று கேட்டதும், அதே பெரியப்பா "டிஜே பையன் வுட்டுட்டான்" என்று சபை நடுவில் உன்னை அறைந்தார்.

வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை. "நீ ஒரு கோழ. வாயால சொன்னத ஏன் கேட்ட? எழுதி வாங்க மாட்டியா?" என்றேன். "எழுதி வாங்கினா நம்ம மேல நம்பிக்க இல்லன்னு நெனைப்பாங்க, கலை" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மா போனில் சொன்னார்: "சின்னவளுக்கு மஞ்ச நீராட்டு வெச்சிருக்கோம். ஒங்க செட்டுதான் வரணும்."

"எங்க அண்ணன அடிச்ச வூடாச்சே, இன்னொரு தடவ எதுக்குக்கா?"

"அடுத்த நாளே ஒங்கண்ணன் எந்தம்பி வூட்டுக்குப் போயி, பேர வுட்டது தப்புண்ணே, மன்னிச்சுடுங்கன்னு சொல்லிட்டு வந்துச்சாம். எங்க வூட்டுல ஒருத்தரும் போவல. ஒங்கண்ணன்தான் போச்சு."

ஏன் அண்ணா என்னிடம் சொல்லவில்லை? நான் உன்னைக் கோழை என்று சொன்ன பிறகுதானே போயிருக்கிறாய்? உன் காரியத்தன்று யாரென்றே தெரியாத ஒருவர் வெளியே நின்று அழுதுவிட்டுப் போனாரே, அவர்தான் ஏழுமலை என்று இப்போதுதான் தெரிகிறது.

பாகூர் பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மாவைப் பார்த்து ஒரு தாளை நீட்டினேன். புக் பண்ணுகிறவரே பெயர்களை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்து மாற்றவும் அவர்தான் வர வேண்டும். இதுதான் என் கண்டிஷன். மூன்று அண்ணன்கள், அவரவர் மனைவி, கடைசியில் ஏழுமலை என்று நிதானமாக எழுதிக் கொடுத்தார்.

விழாவன்று பகல் பதினோரு மணிக்கு மாமன்மார் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பாவும் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"கடைசிப் பேர வுட்டுடு."

"எழுதினவங்க வந்து அடிச்சுக் குடுக்கட்டுங்க, வுட்டுடறேன்."

"எனக்கே சட்டம் சொல்றியா? ஒங்கண்ணன் வாயத் தொறக்க மாட்டான்."

"அதனாலதான் அவன அடிச்சீங்க. இந்தத் தடவ பேப்பர் இருக்கு."

"பொட்டச்சி கையில மைக்கு குடுத்தா இப்டித்தான்" என்றவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டார். பந்தலே எங்களைப் பார்த்தது. சேகர் ஒயரைக் கழற்றத் தயாராக நின்றான். நான் பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். அந்த அம்மாவே பெயரை அடித்துவிட்டால் நானும் படிக்க முடியாது. என் கண்டிஷன் என் கழுத்துக்கே வரும். செட்டும் போகும்.

அந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "பேனா குடும்மா" என்றார். கொடுத்தேன். குனிந்து எழுதினார்.

"மத்தவனுங்க பொண்டாட்டி பேரெல்லாம் எழுதிட்டு, இவன் பொண்டாட்டி பேர மட்டும் வுட்டுட்டேன் பாரு. ஏழுமலை, சுகந்தி. சேத்துப் படி."

அண்ணா, அந்தத் தாளை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! அவள் பெயர் இல்லாதது என் கண்ணில் படவே இல்லை. இவ்வளவு கோபம் வைத்துக்கொண்டு சுற்றுகிற எனக்கும் படவில்லை.

படித்தேன். சுகந்தி தட்டைக் கீழே விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஏழுமலை அவள் கைக்குக் கீழே தன் கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா சாப்பிடாமல் போய்விட்டார். அந்தத் தெருவிலிருந்து வரவிருந்த இரண்டு தேதிகளும் மறுநாளே போயின. எனக்கு வலித்தது. தியாகம் என்றெல்லாம் பேசும் நிலையில் நாம் இல்லை.

போன வாரம் செட்டை விலைக்குக் கேட்டு வில்லியனூரிலிருந்து ஒருவர் வந்தபோது, அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அது விக்கிறதுக்கு இல்லப்பா. எம் பொண்ணு ஓட்டுது."

உன்னைக் கோழை என்றதற்கு என் வாயால் மன்னிப்புக் கேட்க நீ இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அடுத்த மாதம் கரையாம்புத்தூரில் ஒரு வளைகாப்பு இருக்கிறது. பந்தலில் நிற்கிறவர்களில் தாளில் இல்லாதவர் யார் என்று முதலில் பார்ப்பேன். அவரை ஏன் எழுதவில்லை என்று, கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் கேட்பேன். புக்கிங் போனாலும் கேட்பேன்.

உன் கூடப்பிறந்து, உன்னை இப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கும்,
தங்கச்சி கலைச்செல்வி